சிடியில் ஏறாத ஒரு மணி நேரம்

பிள்ளைகளே, பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று போன வாரம் நீங்கள் எடுத்து அனுப்பிய கல்யாணப் படத்தை முழுவதும் பார்த்தேன். ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மேலே ட்ரோன் பறந்துபோய் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கண்டுபிடித்தது. நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டை யார் எடுத்தாலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகத் தலைகால் புரியாமல் ஆடாதீர்கள். ஆனால் ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட பந்தி நாலே விநாடியில் முடிந்துவிட்டது. ஒரு இலை, ஒரு அப்பளம், சிரிக்கிற ஒரு மாமா, அவ்வளவுதான்.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பந்தியை வெட்டுவதில் நான் உங்களுக்கெல்லாம் முன்னோடி. அந்தக் கதையை எங்கள் ஆட்களிடம்கூட நான் சரியாகச் சொன்னதில்லை. தொழிலை விட்டு, அரியலூரில் மகன் வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு வீடியோ கடை இருந்தது. கல்யாணங்களுக்குக் கேமரா தூக்கியது என் வீட்டுக்காரர்தான். நான் கடையில் உட்கார்ந்து கேசட்டுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை லப்பைக்குடிக்காட்டில் ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் பேசப் போனவர், திரும்பி வந்ததும் கேமராவை எடுத்து என் தோளில் வைத்தார்.

"பொம்பளைங்க பக்கம் ஆம்பள வரக்கூடாதாம். ஒன் சம்சாரம் எடுக்கும்னா ஆர்டர் ஒனக்குத்தான்னு சொல்லிட்டாங்க. எடுக்கும்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

"என்னைக் கேக்காமயா சொன்ன?"

"கேட்டா நீ மாட்டேம்பியே."

இரண்டே நாளில் கற்றுக்கொண்டு போனேன். அந்த முதல் கேசட்டில் மணப்பெண்ணைவிட மின்விசிறிதான் அதிகம் இருந்தது. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் என்னைக் கைவிடவில்லை. அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு "அந்தக் கேமராக்காரக்கா வரட்டும்" என்று கேட்டு வாங்கினார்கள். ஆண்கள் பெரும்பாலும் துபாயிலும் சவூதியிலும் இருந்த ஊர் அது. வீட்டுக் காரியங்களைப் பெண்களே பேசி முடிப்பார்கள். பேச்சு கறாராக இருக்கும், பிரியமும் அதே அளவுக்கு இருக்கும்.

அவர்களுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பெண்கள் பக்கம் எடுத்த கேசட்டுக்கு நகல் கிடையாது. ஒரே ஒரு கேசட், அதுவும் மணப்பெண்ணின் கையில்தான் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர்கூட அதைப் போட்டுப் பார்க்கக் கூடாது. இருபது வருடம் ஒரே வீட்டில் ஒரே தொழில் செய்தும், நான் எடுத்த படங்களில் பாதியை அவர் பார்த்ததே இல்லை.

பிறகு டிவிடி வந்தது. எங்கள் பக்கத்து ஜனங்கள் வட்டமாக, பளபளப்பாக இருந்த எதையும் சிடி என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். டிவியில் ஓடுவதை வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று சொல்லி ஒரு பெட்டியை விற்றார்கள். திருச்சிக்குப் போய் ஒன்று வாங்கி வந்தோம். எங்களுக்கு அது பழைய கேசட்டைச் சிடியில் ஏற்றும் பெட்டி. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் ஒரு டிவிடி பிளேயரோடு வந்து இறங்கினார்கள். வீட்டில் இருந்த விசிஆர்கள் பழுதாகி மூலைக்குப் போயின. பீரோவில் கிடந்த கேசட்டுகளெல்லாம் பையில் ஏறி எங்கள் கடைக்கு வந்தன.

உங்களுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறீர்கள். மூன்று மணி நேரக் கேசட் சிடியில் ஏற அப்போது மூன்று மணி நேரம் ஆகும். கேசட் ஓட ஓட இந்தப் பக்கம் பதிவாகும். பெண்கள் பக்கத்துக் கேசட் என்றால் நான்தான் உட்கார வேண்டும். கடைக்குப் பின்னால் ஓர் அறை, திரைச்சீலை, சின்ன டிவி. முன்னால் ஆண்கள் வந்து போவார்கள் என்பதால் டிவியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிடுவேன். அந்தப் பெண்களின் குரல்கூட வெளியே கேட்கக் கூடாது என்பது என் கட்டுப்பாடு, யாரும் சொல்லி வைத்ததில்லை.

சிடியில் ஏற்றி முடித்ததும் இன்னொரு வேலை உண்டு. கேசட்டை உடைத்து, ரீலை உருவி, கடைக்குப் பின்புறம் போட்டு எரித்துவிட வேண்டும். யார் கையிலாவது கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பயம். நியாயமான பயம்தான். எரித்ததை என் வாயால் சொன்னால் போதும், நம்புவார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. சிடி பெட்டியை விட்டு வெளியே வந்த சூட்டோடு ரீலைக் கொளுத்திவிடுவேன்.

ரஹ்மத் வந்தது அந்தச் சமயத்தில்தான். அவளுடைய நிக்காஹை எடுத்தது நான். கல்யாணமாகி ஐந்தாறு வருடம் ஊரிலேயே இருந்தவளுக்கு அப்போதுதான் கணவனோடு போய் இருக்க விசா கிடைத்திருந்தது.

"அக்கா, ஒரே சிடியில வரணும்க்கா. கைப்பைக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போயிருவேன். கேசட்ட எரிச்சிருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

கேசட் மூன்று மணி நேரம். சிடியில் படம் தெளிவாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம்தான் பிடிக்கும். இரண்டு சிடியாகப் போட்டிருக்கலாம். கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்று முழுவதையும் ஒன்றில் அடக்கியிருக்கலாம். அவளுக்கு ஆள் அனுப்பி, எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். மூன்றையும் நான் செய்யவில்லை. ஒரு மணி நேரத்தை வெட்டிவிடுவது என்று நானே முடிவு செய்தேன். அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமாக வெட்டுவது பந்தியைத்தானே? சாப்பாட்டை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா? பரிமாற ஆரம்பிக்கிற இடம் வந்ததும் பதிவை நிறுத்தினேன். கேசட் பாட்டுக்கு ஓடியது. நான் கீரை ஆய்ந்துகொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தேன். பந்தி முடிந்ததும் மறுபடி பதிவை ஓடவிட்டேன். மாலையே ரீலை எரித்தேன். மறுநாள் ரஹ்மத் சிடியை வாங்கிக்கொண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டுப் போனாள்.

மூன்று வருடம் கழித்துக் கடை வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா மௌத்தாயிட்டாங்கக்கா. நான் வந்து சேர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாங்க."

அவளுடைய அம்மாவை எனக்கு நினைவிருந்தது. படம் எடுப்பதே பிடிக்காத அம்மாள். ரேஷன் கார்டில் இருக்கும் சின்னப் படத்தைத் தவிர அவருக்கு வேறு படமே கிடையாது. மகள் கல்யாணத்தில்கூட நான் கேமராவைத் திருப்பினால் யார் முதுகுக்குப் பின்னாலாவது மறைந்துவிடுவார்.

"அந்தச் சிடிய நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்க்கா. எங்கயும் அம்மா இல்ல. கேசட்ல இருந்தாங்க. பந்தியில ஓடி ஓடி பரிமாறுனாங்க. அங்க மட்டுந்தான் கேமராவ மறந்துட்டாங்க. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ பாத்தேன், அப்புறம் விசிஆர் பழுதாயிருச்சு. அது ஏன்க்கா சிடியில வரல?"

இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். தொழிலில் தப்பு செய்யாதவர் கிடையாது. தப்பு தெரியவந்த முதல் நிமிடத்தில் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் உங்களை யார் என்று காட்டும். என் வாயிலிருந்து வந்தது இது:

"பூஞ்ச புடிச்சிருந்துச்சும்மா. அந்த எடம் மட்டும் ஓடவேயில்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அன்றைக்குக் கடைக்கு வந்த கேசட்டுகளில் பாதிக்குப் பூஞ்சைதான். ரீலின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். யாரும் சந்தேகப்பட முடியாத பொய். அவளும் சந்தேகப்படவில்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நாந்தானா? பீரோவுல துணிக்கு அடியில போட்டு வச்சேன். அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க, கேசட்ட வெளிய எடுத்து வையிடி, ஈரம் ஏறிடும்னு. நாந்தான் கேக்கல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அழாத ரஹ்மத்து" என்றேன். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள், நான் தேறுதல் சொன்னேன். அதைவிடக் கேவலமான காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு. இனிமே சொல்லி என்னாவப் போவுது? அந்தப் பொண்ணுக்கும் மனசு நோவும், கடை பேரும் போயிரும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. நாலு நாள் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அந்த நாலு நாளும் என் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரிக்காட்டில் கூலிக்குக் கொட்டை பொறுக்கியே என்னை வளர்த்தவள். இடுப்பில் கூடையைச் சாய்த்துக்கொண்டு ஒரு நடை நடப்பாள். கேமரா என் தோளுக்கு வந்த பிறகும் பல வருடம் உயிரோடு இருந்தாள். ஊர் முழுக்க யார் யார் அம்மாவையோ எடுத்தேன். என் அம்மாவை ஒரு நிமிடம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேமரா வாடிக்கையாளருக்கு, கேசட் வாடிக்கையாளருக்கு என்றே இருந்துவிட்டேன். அவள் நடையைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. எனக்குப் படம் இல்லாததற்கு என் அசட்டை காரணம் என்பது எனக்குத் தெரியும். ரஹ்மத்துக்கு இல்லாததற்கும் நான்தான் காரணம், அது அவளுக்குத் தெரியாது. காலம் முழுக்கத் தன் பீரோவையே திட்டிக்கொண்டிருப்பாள்.

ஐந்தாம் நாள் காலை லப்பைக்குடிக்காடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை.

"ரஹ்மத்து, பூஞ்சயெல்லாம் இல்லம்மா. கேசட்டு நல்லாத்தான் இருந்துச்சு. எடம் பத்தாதுன்னு நாந்தான் பந்திய விட்டுட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அவளுக்கு வந்த கோபத்தை நான் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"ஒங்களுக்கு யாருக்கா சொன்னது பந்தி வேணாம்னு? நான் சொன்னனா? பொண்ணு அலங்காரத்த வெட்டியிருக்கலாம்ல! என் மூஞ்சிய நான் கண்ணாடியில பாத்துக்க மாட்டனா?"

நியாயமான கேள்விதான். நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்வாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"நீங்க பாத்தீங்கள்ல? ஏத்தும்போது பாத்தீங்கள்ல? உக்காருங்க. என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க."

உட்கார்ந்தேன். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. ஒரு மணி நேரத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது என்ன? கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தவள் நான். கண்ணை மூடித் தேடினேன்.

"முந்தானைய இழுத்து இடுப்புல சொருவியிருந்தாங்க. ஒரு எடத்துல நிக்கல, ஓட்டமும் நடையுமா இருந்தாங்க."

"ம்."

"ஒரு அம்மா போதும் போதும்னு கையால மறச்சாங்க. இவங்க அந்தக் கைய வெலக்கிட்டு தால்ச்சாவ ஊத்திட்டாங்க."

ரஹ்மத் சட்டென்று சிரித்துவிட்டாள். "அது எங்க குப்பி. அத்தாவோட தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. வேணும்னேதான் ஊத்தியிருப்பாங்க."

"அப்புறம் கடைசியில நேரா கேமராவப் பாத்து நின்னாங்க. சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னாங்க."

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னாங்க?"

டிவியில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன் என்று சொன்னேன். உதடு அசைந்ததுதான் தெரிந்தது.

"கேமராவப் பாத்துன்னா ஒங்கள பாத்துத்தானக்கா? அன்னிக்கி கேமரா வச்சிருந்தது நீங்கதான? ஒங்ககிட்டதான சொல்லியிருக்காங்க?"

ஆமாம், என்னிடம்தான் சொன்னார். நான்கு அடி தூரத்தில் நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். நான் எத்தனையோ கல்யாணம் எடுத்தவள், எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் எதை எதையோ சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. "நீயும் உக்காந்து சாப்புடும்மா" என்றுதான் சொல்லியிருப்பார். கல்யாண வீட்டில் வேறென்ன சொல்வார்கள்? அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லிவிட்டால் அவள் காலம் முழுக்க அதை வைத்துக்கொள்வாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பூஞ்சையும் அப்படித்தான் வந்தது என்பது ஞாபகத்துக்கு வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

"நெனப்பு இல்ல ரஹ்மத்து. சொன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு நெனப்பு இல்ல."

அவள் எழுந்துபோய் சிடியை எடுத்து வந்து பிளேயரில் போட்டாள். "எந்த எடத்துல விட்டீங்கன்னு காட்டுங்க" என்றாள்.

அந்த இடத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் ரிமோட்டை வாங்கி ஓட்டினேன். விரித்த விரிப்பில் பெண்கள் வரிசையாக உட்கார்கிறார்கள். நெய்ச்சோறு வருகிறது. சட்டென்று படம் தாவி, மணப்பெண்ணைச் சுற்றி எல்லோரும் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டது. அந்தத் தாவல்தான் நான். தாவியது சரியாக எந்த இடத்தில் என்று பார்க்க மறுபடி பின்னால் ஓட்டினேன். பரிமாற ஆரம்பித்ததும் நிறுத்தினேன் என்றுதான் என் நினைப்பு. பொத்தானை அழுத்த என் விரலுக்கு ஒரு விநாடி தாமதமாகியிருக்கிறது. அந்த ஒரு விநாடியில் திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வருகிறது. தால்ச்சா கரண்டி பிடித்த கை. முழங்கை வரைக்கும்தான், அதற்கு மேல் இல்லை.

"நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். கேசட்டாக இருந்தால் நிறுத்திய படம் நடுங்கும், குறுக்கே கோடு ஓடும், கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிடும். சிடியில் அது அப்படியே நின்றது. நாலு கண்ணாடி வளையல், கரண்டிக் காம்பு, ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த வெள்ளைத் துணி. எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

ரஹ்மத் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வெரல்ல துணி. மொத நாளு வெங்காயம் நறுக்கும்போது அறுத்துக்கிட்டாங்க. என் மருதாணி காயலன்னு நாந்தான் பல்லால கடிச்சு முடி போட்டுவிட்டேன். அக்கா, இது அம்மா கை."

"ஆமாம்மா."

"நாலு தடவ பாத்தேன். யாரோ கைன்னு நெனச்சு விட்டுட்டேன்."

முந்தின நாள்வரை, பூஞ்சை என்று நான் சொன்ன வார்த்தையை நம்பி, அந்தக் கையைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருப்பாள். நான் வாயைத் திறக்காமல் கடையிலேயே இருந்திருந்தால் இன்னும் அப்படியே போய்க்கொண்டிருப்பாள். இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது, பிள்ளைகளே.

அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தன் மகளைக் கூப்பிட்டாள். நான்கு வயதுப் பெண் ஓடி வந்தது. அதைத் தூக்கி டிவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இங்க பாரு, இதான் நன்னி, அம்மாவோட அம்மா" என்றாள்.

குழந்தை கையை நீட்டி அந்தக் கரண்டியைத் தொட்டது. பிறகு திரையின் ஓரத்தைத் தாண்டி, டிவிக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது, மிச்ச ஆள் அங்கே நிற்கிறாரா என்று.